வாசகர் கேள்வி – பதில்: ஈத்தன் ஹண்டோடு வளர்ந்தவர்கள்

உளவாளி ஈத்தன் ஹண்டாக டாம் குரூஸ் நடிக்கும் 'மிஷன்: இம்பாசிபிள்' வரிசையின் எட்டாவது படம் 2025 மே மாதம் வெளிவந்தது. முதல் படம் வந்தது 1996 மே மாதத்தில். இந்த 29 ஆண்டுகளையும் அந்தப் படங்களோடு கடந்த வாசகர்கள் தங்கள் கேள்விகளை எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கதையின் முடிவுகளைத் தொடாமல் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது என்பதால், கடைசிப் படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்தபின் வாசிப்பது நல்லது.

கேள்வி: முதல் படத்தைப் பார்த்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இன்று என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஜேம்ஸ் பாண்ட் படங்களையும் விடாமல் பார்த்தவன்தான் நான். ஆனால் அவற்றோடு இல்லாத ஓர் ஒட்டுதல் இந்தப் படங்களோடு இருக்கிறது. இதற்கு என்ன காரணம்? — கரூர் வாசகர்

பாண்டுக்கு வயதாவதில்லை. பாண்டாக நடிப்பவருக்கு வயதாகிறது, ஆனதும் வேறொருவர் வந்து அதே கோட்டை மாட்டிக்கொள்கிறார். டேனியல் கிரெய்க் நடித்த ஐந்து படங்களை மட்டும் இதற்கு விலக்காகச் சொல்லலாம். நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பாண்டாக இருந்தவர் பியர்ஸ் பிராஸ்னன். 2006-இல் கிரெய்க் வந்தார், 2021-இல் அவரும் விடைபெற்றுவிட்டார். இத்தனை காலமும் ஈத்தன் ஹண்ட் ஒருவராகவே இருந்தார். 1962 ஜூலையில் பிறந்த டாம் குரூஸுக்கு முதல் படம் வந்தபோது 33 வயது, எட்டாவது படம் வந்தபோது 62. ஈத்தனின் கூட்டாளி லூதர் வேடத்தில் வரும் விங் ரேம்ஸும் எட்டுப் படங்களிலும் அவருடன் இருந்திருக்கிறார். ஆகவே, திரையில் நீங்கள் பார்த்தது இரண்டு மனிதர்களுக்கு உண்மையாகவே வயதாவதை. அதே வேகத்தில் உங்களுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது.

படங்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகளையும் கவனியுங்கள். 1996, 2000, 2006, 2011, 2015, 2018, 2023, 2025. ஆண்டுக்கொன்று என்று வந்திருந்தால் அவை பழக்கமாகியிருக்கும். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஒருமுறை ஆறு ஆண்டுகள் என்று விட்டு விட்டு வந்ததால், ஒவ்வொரு முறையும் திரையரங்குக்குள் நுழைந்தவர் முன்பு நுழைந்தவராக இல்லை. பள்ளிச் சீருடை போய், கல்லூரி விடுதி போய், முதல் வேலை, திருமணம், பெற்றோரின் மருத்துவமனை நாட்கள் என்று ஒவ்வொரு படத்துக்கும் உங்களிடம் ஒரு தனிப் பின்கதை இருக்கும். எனக்கு இருக்கிறது.

எனக்கும் அப்போது ஏறக்குறைய உங்கள் வயதுதான். எங்கள் ஊரில் ஆங்கிலப் படங்கள் காலைக் காட்சியாக மட்டுமே ஓடும். அதுவும் சில நாட்கள்தான். தமிழ்வழியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு முதல் படத்தின் கதையில் பாதிக்கு மேல் விளங்கவில்லை. யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்பதை வீட்டுக்கு வரும் வழியில் நண்பர்கள் மூவரும் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டோம். ஆனால் லாங்லியில் இருக்கும் சி.ஐ.ஏ. தலைமையகத்தின் பாதுகாப்பு அறைக்குள் ஈத்தன் கயிற்றில் தலைகீழாக இறங்கும் காட்சி முழுவதும் எனக்கு விளங்கியது. தரையில் எடை படக்கூடாது, அறையின் வெப்பம் உயரக்கூடாது, சத்தம் எழக்கூடாது என்ற மூன்று விதிகளையும் முன்கூட்டியே படமாகக் காட்டிவிட்டார் இயக்குநர் பிரையன் டி பால்மா. அதன்பின் பின்னணி இசையும் இல்லை, பேச்சும் இல்லை. மூக்குக்கண்ணாடியில் இறங்கும் ஒரு வியர்வைத் துளியைத் தரையில் விழாமல் உள்ளங்கையில் ஏந்தும்போது, கடலை விற்கிற பையன்கூட நடப்பதை நிறுத்திவிட்டு நின்றான். ஆங்கிலம் தெரிந்தவனும் தெரியாதவனும் அந்தச் சில நிமிடங்கள் ஒரே படத்தைப் பார்த்தோம். என் ஒட்டுதல் அங்கே தொடங்கியது. உங்களுடையது எந்தக் காட்சியில் தொடங்கியது என்று உங்கள் மகளுக்குச் சொல்லிப் பாருங்கள். அதைச் சொல்லும்போது அந்த ஆண்டின் மற்ற எல்லாமும் சேர்ந்து வருவதைக் காண்பீர்கள்.

கேள்வி: என்னுடன் பணிபுரியும் ஓர் அமெரிக்கப் பெரியவர், இந்த வரிசையின் முதல் படத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை என்கிறார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். அது நல்ல படமல்லவா? — டொராண்டோ வாசகர்

நல்ல படம்தான், ஆனால் அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. நமக்கு 1996 தொடக்கம், அவருக்கு 1966. அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் புரூஸ் கெல்லர் உருவாக்கிய தொடராகத்தான் 'மிஷன்: இம்பாசிபிள்' பிறந்தது, 1973 வரை ஓடியது. 1967-இல் வந்த இரண்டாம் பருவத்திலிருந்து அணித்தலைவர் ஜிம் ஃபெல்ப்ஸாக நடித்தவர் பீட்டர் கிரேவ்ஸ். சில விநாடிகளில் தானே எரிந்துபோகும் ஒலிநாடாவில் ஆணையைக் கேட்டு, யாரும் அறியாமல் வேலையை முடித்து, பெயரில்லாமல் திரும்பும் அந்த வெள்ளை முடிக்காரர், உங்கள் நண்பரின் பிள்ளைப் பருவத்தில் ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்த மனிதர். அதே பெயரை ஜான் வாய்ட்டுக்குக் கொடுத்து, தன் ஆட்களைத் தானே கொல்லும் துரோகியாக்கியது திரைப்படம். கிரேவ்ஸுக்கு அது வருத்தம் தந்தது. தொடரில் பார்னி வேடத்தில் நடித்த கிரெக் மோரிஸ், படம் முடியும் முன்பே திரையரங்கிலிருந்து வெளியேறினார் என்ற செய்தி அப்போது பத்திரிகைகளில் வந்தது.

ஃபெல்ப்ஸ் என்ற பெயர் எங்களுக்கு எதையும் நினைவூட்டாததால்தான் அந்தத் திருப்பம் எங்களுக்கு வெறும் திருப்பமாக இருந்தது. ஒரு தலைமுறைக்கு வாசலாக அமைந்த படம் இன்னொரு தலைமுறைக்கு இடிக்கப்பட்ட வீடாக இருந்திருக்கிறது. எட்டாவது படத்தில் அந்தப் பெயர் திரும்ப வருகிறது. பிரிக்ஸ் என்ற பெயரில் ஈத்தனைத் துரத்தும் அதிகாரி, உண்மையில் ஃபெல்ப்ஸின் மகன் என்று வெளிப்படுகிறது. இறுதியில் அவர் ஈத்தனிடம் கை நீட்டுகிறார். உங்கள் நண்பருக்கு இது போதுமான பரிகாரமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கிரேவ்ஸ் 2010-இல் காலமாகிவிட்டார்.

கேள்வி: சாகசக் காட்சிகளை டாம் குரூஸ் தானே செய்கிறார் என்பதில் எவ்வளவு உண்மை? கயிறுகளைக் கணினியில் அழித்துவிடுகிறார்கள் என்று என் கல்லூரி நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் சிறு வயதில் நாங்கள் நம்பியது ஏமாற்றா? — ஓசூர் வாசகர்

உங்கள் நண்பர்கள் சொல்வது சரி, நீங்கள் நம்பியதும் சரி. துபாயில் 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவின் கண்ணாடிச் சுவரில் ஏறியவர் குரூஸ்தான். அவரைத் தாங்கிய கம்பிவடங்கள் பின்னர் கணினியில் அழிக்கப்பட்டன. வடம் இல்லாமல் ஒரு நடிகரை அங்கே தொங்கவிட எந்தப் படக்குழுவுக்கும் உரிமையில்லை. அழிக்கப்படாமல் எஞ்சியவை அந்த உயரம், காற்று, வெயில், அவருடைய உடலின் எடை ஆகியவை. அவற்றைத்தான் நம் வயிறு உணர்ந்தது. 2015-இல் வந்த ஐந்தாவது படத்தில் ஏர்பஸ் ஏ400எம் விமானம் தரையை விட்டு எழும்போது அதன் கதவருகே தொற்றிக்கொண்டிருப்பவரும் அவர்தான். இங்கிலாந்தின் விட்டரிங் விமானத்தளத்தில் எட்டு முறை அதைச் செய்தார்கள். எதிர்க்காற்றில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காக, விழியை முழுதும் மூடும் வில்லைகளை அணிந்திருந்தார்.

ஆறாவது படத்தில் மிக உயரத்திலிருந்து குதித்து, தரைக்கு அருகில் வந்தபின் பாராசூட்டை விரிக்கும் காட்சிக்காக அவர் நூற்றுக்கும் மேற்பட்ட முறை குதித்தார். அந்தி வெளிச்சம் சில நிமிடங்களே நிற்கும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் படமாக்க முடிந்தது. அதே படத்துக்காக 2017 ஆகஸ்டில் லண்டனில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியபோது அவருடைய கணுக்கால் முறிந்தது. முறிந்த காலோடு எழுந்து, ஒளிப்பதிவுக் கருவியைக் கடந்து நொண்டிச் சென்றார். அந்தப் பதிவுதான் படத்தில் இருக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது அவருடைய முகத்தைப் பாருங்கள், அது நடிப்பு அல்ல.

ஆனால் 'தானே' என்ற சொல்லை நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் பயன்படுத்துவேன். ஐந்தாவது படத்திலிருந்து சாகசக் காட்சிகளை ஒருங்கிணைத்தவர் வேட் ஈஸ்ட்வுட். குரூஸ் குதிக்கும்போது அவருக்கு எதிரே கருவியைத் தலையில் சுமந்தபடி இன்னொருவரும் குதிக்கிறார். வடங்களைக் கட்டுபவர், முடிச்சைச் சோதிப்பவர், காற்றின் வேகத்தை அளப்பவர் என்று அந்த ஒற்றை உடலுக்குப் பின்னால் ஒரு கிராமமே வேலை செய்கிறது. சிறுவனாக இருந்தபோது எனக்கு ஒரு வீரர் தெரிந்தார். வேலைக்குப் போய், ஒரு சிறு பொருள்கூட எத்தனை கைகளைத் தாண்டி வருகிறது என்று பார்த்த பிறகு, படத்தின் இறுதியில் ஓடும் பெயர்களைக் கடைசிவரை உட்கார்ந்து வாசிக்கும் பழக்கம் வந்தது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் வந்த ஏழாவது படத்தில், நார்வே மலையொன்றின் விளிம்பிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தாக்கில் பாயும் காட்சி இருக்கிறது. படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே அதை எடுத்து முடித்தார்கள். அது எப்படி எடுக்கப்பட்டது என்ற காணொளியைப் படம் வருவதற்கு ஏழு மாதங்கள் முன்பே, 2022 டிசம்பரில், உலகம் முழுவதற்கும் காட்டிவிட்டார்கள். திரையரங்கில் அந்தக் கணம் வந்தபோது ஈத்தன் பிழைப்பாரா என்று யாரும் பதறவில்லை. குரூஸ் எப்படிச் செய்தார் என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. கயிற்றில் தொங்கும்போது தலைகுப்புறச் சாயாமல் இருக்கக் காலணிக்குள் நாணயங்களைப் போட்டு எடை சேர்த்த 1996-இன் அந்த அறைக் காட்சி, இத்தனை ஆயத்தங்களுக்கும் முன்னால் இன்னும் உயர்ந்து நிற்கிறது என்பது என் துணிபு.

கேள்வி: கல்லூரியில் இரண்டாவது படத்தை நான்கு முறை பார்த்தேன். அண்மையில் திரும்பப் பார்த்தபோது அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. — ஈரோடு வாசகர்

அந்தப் படத்தை இயக்கிய ஜான் வூ ஹாங்காங்கில் வளர்த்த திரைமொழி அது: மெதுவசைவு, புறாக்கள், இரண்டு கைகளிலும் துப்பாக்கி, மோட்டார் சைக்கிள்களின் நேர்மோதல். பதினெட்டு வயதுக்கு அது தேனாக இருந்தது. இன்றும் யூட்டா மாநிலத்துச் செங்குத்துப் பாறையில் ஈத்தன் ஏறும் காட்சியையும், கண்ணிமைக்கு மிக அருகில் வந்து நிற்கும் கத்தியையும் நான் விரும்பிப் பார்ப்பேன். மற்றவற்றை நினைவில் இருக்கிறபடியே விட்டுவைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே விட்டுவிடலாம்.

கேள்வி: நான் கர்நாடக இசை கற்பிக்கிறேன். என் மாணவர்கள் இந்தப் படத்தின் முகப்பிசையைக் கேட்டால் உடனே தாளம் போடத் தொடங்குகிறார்கள், ஆனால் பாதியில் தடுமாறுகிறார்கள். அதன் கணக்கு என்ன? — தஞ்சாவூர் வாசகி

அது ஐந்து எண்ணிக்கை. கண்ட சாபு பழகிய உங்கள் மாணவர்களுக்கு ஐந்து புதிதல்ல. தடுமாறுவது பிரிப்பில்தான் இருக்க வேண்டும். ஐந்தை இரட்டித்துப் பத்து நுண்எண்ணிக்கைகளாக வைத்துக்கொண்டு, மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்துத் தட்டச் சொல்லுங்கள். நெடில், நெடில், குறில், குறில் என்று விழும். மோர்ஸ் தந்திக் குறியீட்டில் இரண்டு நெடிலும் இரண்டு குறிலும் சேர்ந்தால் 'எம்', 'ஐ' என்ற எழுத்துகள், அதாவது படத்துப் பெயரின் முதலெழுத்துகள், கிடைக்கின்றன என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் 1932-இல் பிறந்த லாலோ ஷிஃப்ரின், தொலைக்காட்சித் தொடருக்காக 1966-இல் இதை அமைத்தார். முதல் படம் வந்தபோது யு2 இசைக்குழுவின் ஆடம் கிளேட்டனும் லாரி மல்லனும் நடனத்துக்கு ஏற்றபடி நான்கு எண்ணிக்கைக்கு மாற்றி ஒரு வடிவம் வெளியிட்டார்கள். அந்த ஆண்டு எங்கும் ஒலித்தது அதுதான். உங்கள் மாணவர்கள் அந்த வடிவத்தைக் கேட்டுவிட்டுத் தாளம் போட்டிருந்தாலும் தடுமாற்றம் வரும். எனக்கு நான்கில் கேட்கும்போது ஓர் அவசரம் குறைந்துபோகிறது. ஐந்தில்தான் அது எப்போதும் ஓர் அடி முந்திக்கொண்டு ஓடுவதுபோல இருக்கிறது. எட்டாவது படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த 2025 ஜூன் மாதத்தில் ஷிஃப்ரின் தம் 93-ஆவது வயதில் மறைந்தார். ஐம்பத்தொன்பது ஆண்டுகள் தம் இசை ஒரே பெயரோடு உயிர்த்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போனவர் அவர்.

கேள்வி: இல்சாவைக் கொன்றதை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று படங்களாக ஈத்தனுக்கு இணையாக நின்றவளை, இன்னொரு பெண் அறிமுகமாகிற நேரத்தில் அப்படி முடித்துவிட்டார்கள். பெண் பார்வையாளர்கள் இந்த வரிசையோடு வளர்ந்தோம் என்பதை எடுத்தவர்கள் நினைத்துப் பார்த்ததுண்டா? — மதுரை வாசகி

உங்கள் கோபத்தில் நானும் பங்குகொள்கிறேன். ரெபெக்கா ஃபெர்குசன் நடித்த இல்சா ஃபாஸ்ட், ஐந்தாவது படத்தில் நுழையும்போதே எதிரிகளிடம் கட்டுண்டு கிடக்கும் ஈத்தன் தப்பிக்க உதவுகிறாள். மொராக்கோவில் நீருக்கடியில் மூச்சுத் திணறி மயங்கியவரை இழுத்து வந்து உயிர் மீட்கிறாள். வியன்னா இசையரங்கின் கூரையிலிருந்து தப்பும் முன், கழற்ற உதவும்படி காலணியை நீட்டும் அந்தக் கணத்தில் அவள் கெஞ்சவும் இல்லை, சிரித்து மயக்கவும் இல்லை. அவளுக்கும் ஒரு வேலை இருந்தது, ஒரு முதலாளி இருந்தார், ஏமாற்றப்பட்ட வரலாறு இருந்தது. அப்படிப்பட்டவளை ஏழாவது படத்தில் வெனிஸ் நகரத்துப் பாலமொன்றில் கத்திக்கு இரையாக்கி, ஹேலி அட்வெல் நடித்த கிரேஸுக்கு இடம் ஒதுக்கியபோது, வேலைக்கு ஆள் மாற்றுவதுபோல இருந்தது.

முந்தைய கணக்கும் நன்றாக இல்லை. முதல் படத்தின் கிளேர், கணவன் ஃபெல்ப்ஸின் கையாலேயே சாகிறாள். இரண்டாவது படத்தில் ஈத்தனின் காதலியாக இருந்த நையா, மூன்றாவது படத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் காணாமல் போகிறாள். ஈத்தன் பயிற்றுவித்த லிண்ட்சி தலைக்குள் வைத்த வெடியால் இறக்கிறாள்.

இதில் ஒரு விலக்கு, ஈத்தனின் மனைவி ஜூலியா. மூன்றாவது படம் வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. மிஷெல் மோனகன் நடித்த ஜூலியாவோடு ஈத்தன் வாழும் வீட்டுக் காட்சிகள் எப்போது முடியும், சண்டை எப்போது வரும் என்று காத்திருந்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2018-இல், ஆறாவது படத்தின் இறுதியில், மலைமேல் நடக்கும் ஒரு மருத்துவ முகாமில் மருத்துவராக, இன்னொருவரின் மனைவியாக அவள் ஈத்தனுக்கு எதிரே வந்து நிற்கிறாள். கணவர் பக்கத்தில் இருப்பதால் இருவரும் தங்கள் பழைய உறவை வெளிக்காட்டாமல் பேசிக்கொள்கிறார்கள். பின்னர் தனியே பேசக் கிடைத்தபோது ஈத்தன் மன்னிப்புக் கேட்கத் தொடங்குகிறார். தனக்கு எந்தக் குறையும் இல்லை, இந்த வாழ்க்கையைத் தான் விரும்பியே வாழ்கிறேன் என்று அவள் அவரைச் சமாதானப்படுத்துகிறாள். அதே படத்தில் ஹெலிகாப்டர்கள் மோதிக்கொள்கின்றன, மனிதர்கள் பாறை விளிம்பில் தொங்குகிறார்கள். நான் வீட்டுக்கு எடுத்துவந்தது அந்தச் சந்திப்பை. இல்சாவுக்கும் இப்படி ஒரு விடைபெறுதல் கிடைத்திருக்க வேண்டும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் அந்த ஆறாவது படத்தில் காஷ்மீர் என்று காட்டப்படுவது காஷ்மீர்தானா? — கோயம்புத்தூர் வாசகர்

இல்லை. ஹெலிகாப்டர் துரத்தல் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் எடுக்கப்பட்டது. பாறை விளிம்பில் நடக்கும் சண்டை, நார்வேயில் உள்ள பிரைக்கெஸ்டூலன் என்ற புகழ்பெற்ற பாறையில் எடுக்கப்பட்டது. நேரில் பார்த்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தியாவில் திரையிடும் முன், காஷ்மீர் எல்லையைக் குறித்த தவறான சித்தரிப்புகளைத் தணிக்கை வாரியம் நீக்கச் சொன்னது.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. அவனுடைய அப்பா இந்தப் படங்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே அவனுக்கு ஆசை வளர்ந்துவிட்டது. எதிலிருந்து தொடங்கலாம்? மாடியில் ஏறிக் குதித்துவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது. — சென்னை வாசகி

வரிசைப்படி பார்க்க வேண்டும் என்று உங்கள் கணவர் வற்புறுத்தக்கூடும், ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் படத்தின் துரோகக் கதை பதினொரு வயதில் பிடிபடாது. மூன்றாவது படம் தொடங்குவதே கட்டிப்போடப்பட்ட பெண்ணின் தலையில் துப்பாக்கியை வைத்து வில்லன் பத்துவரை எண்ணுவதில்தான். ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் குரலை உயர்த்தாமல் எண்ணுவார். எனக்கே இன்றும் அது நடுக்கம் தருகிறது. அதைச் சில ஆண்டுகள் தள்ளிவையுங்கள். எட்டுப் படங்களுக்கும் அமெரிக்காவில் வழங்கப்பட்டது, பதின்மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களின் பெற்றோரை எச்சரிக்கும் சான்றிதழ்தான் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

2011-இல் வந்த நான்காவது படத்தில் தொடங்குங்கள். அதை இயக்கிய பிராட் பேர்ட், அதற்கு முன் பிக்ஸார் நிறுவனத்தில் அசைவூட்டப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். குழந்தைக்கு ஒரு காட்சியை எப்படித் தெளிவாகக் கட்டித் தருவது என்பது அவருக்குத் தெரியும். அந்தப் படத்தில் கருவிகள் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யாது. புர்ஜ் கலீஃபாவில் ஏறும்போது கையுறையில் நீல விளக்கு எரிந்தால் ஒட்டும், சிவப்பு எரிந்தால் கை விட்டது. முகமூடி செய்யும் எந்திரம் சமயம் பார்த்துப் பழுதாகிவிடும். சொந்த முகத்தோடேயே எதிரிகள் முன்னால் உட்கார வேண்டியிருக்கும். மும்பைக் காட்சிகளில் அனில் கபூர் வருவதும் அவனுக்குப் பிடிக்கும். அதன்பின் ஐந்தாவது, ஆறாவது, பிறகு முதலாவது.

பயத்துக்கு மருந்து, அவனிடம் வடங்களைப் பற்றிப் பேசுவது. படத்தை ஓரிடத்தில் நிறுத்தி, இங்கே அவருடைய இடுப்பில் எத்தனை வடங்கள் கட்டியிருப்பார்கள், எந்தப் பக்கம் இழுத்திருப்பார்கள் என்று கேளுங்கள். அழிக்கப்பட்ட வடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கப் பழகிய குழந்தை, அது இல்லாமல் மாடிச்சுவரில் ஏறாது. என் வீட்டில் இதைச் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து முப்பத்தொரு ஆண்டுகள் ஆகின்றன; அடுத்த ஆண்டு பணி ஓய்வு. எட்டாவது படத்தில் அந்தப் பாதுகாப்பு அறையின் பழைய ஊழியரைத் திரும்பக் கண்டபோது என்னை அறியாமல் கண் கலங்கிவிட்டது. உடன் வந்த என் மகனுக்குக் காரணம் புரியவில்லை. எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. — திருநெல்வேலி வாசகர்

வந்த கடிதங்களில் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தது உங்களுடையது.

மற்ற வாசகர்களுக்காக நினைவூட்டுகிறேன். முதல் படத்தில் அந்த அறைக்குள் நுழைய உரிமையுள்ள ஒரே ஊழியர் வில்லியம் டன்லோ. நடித்தவர் ரோல்ஃப் சாக்சன். அவர் குடிக்கும் காபியில் ஈத்தனின் ஆட்கள் மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். அவர் குமட்டலோடு கழிப்பறைக்கும் அறைக்குமாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் மேலே கயிற்றில் வேலை நடக்கிறது. கடைசியில் திரும்பி வந்து பார்த்தால், கூட்டாளி ஒருவன் தவறவிட்ட கத்தி அவருடைய மேசையில் குத்தி நிற்கிறது. செய்தி மேலிடத்துக்குப் போகிறது. அன்று மாலைக்குள் அந்த ஆளை அலாஸ்காவின் ரேடார் கோபுரம் ஒன்றுக்கு அனுப்பிவிடுங்கள், துணிமணிகளைத் தபாலில் அனுப்பிக்கொள்ளலாம் என்று உத்தரவிடுகிறார் கிட்ரிட்ஜ் என்ற அதிகாரி. அவ்வளவுதான். ஒரே ஒரு வசனத்தில் ஒரு மனிதரின் உத்தியோகம் முடிந்துபோகிறது. திரையரங்கு சிரித்தது. நானும் சிரித்தேன்.

தண்ணீர் இல்லாத காட்டுக்கு மாற்றுவது என்று நாம் சொல்வது அதைத்தான். அவர் செய்த தவறு என்ன? ஒன்றும் இல்லை. விதிப்படி கதவைத் திறந்தார், விதிப்படி உட்கார்ந்தார், வயிறு கெட்டதால் எழுந்து போனார். படத்தின் முடிவில் ஈத்தன் மேல் இருந்த பழி நீங்கிவிட்டது. டன்லோ மேல் இருந்த பழியை யாரும் நீக்கவில்லை, நீக்க வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை. கதாநாயகன் யார் என்று முடிவு செய்தபின் மற்றவர்களுக்கு நேர்வதை நாம் பொருட்படுத்துவதில்லை. பதினான்கு வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளில், யாரோ செய்த பிழைக்கு என்னுடன் பணிபுரிந்த ஒருவர் ஒரே நாளில் வெளியூருக்கு மாற்றப்பட்டார். அவர் மேசையில் இருந்த சாமி படத்தை எடுத்துப் பையில் வைத்ததைப் பார்த்தபோதும்கூட டன்லோ நினைவுக்கு வரவில்லை என்பதை இப்போது வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து அந்த வரிசையே அவரைத் தேடிப் போனது. பெரிங் கடலில் உள்ள செயின்ட் மத்தேயு தீவில், அதே ரோல்ஃப் சாக்சன், நரைத்த தாடியோடு. உடன் அவருடைய மனைவி டபீசா; இனூயிட் மரபைச் சேர்ந்த லூசி டுலுகார்ஜுக் அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். தன்னால் நேர்ந்ததற்கு ஈத்தன் வருத்தம் தெரிவிக்கிறார். அந்த மாற்றல் வராமல் இருந்திருந்தால் இவளைச் சந்தித்திருக்க மாட்டேன் என்று டன்லோ சொல்கிறார். மேசையில் குத்தி நின்ற அந்தக் கத்தியை அத்தனை ஆண்டுகளும் அவர் வைத்திருந்தார். இறுதிப் பணிக்கான அணியிலும் அவருக்கு இடம் கிடைக்கிறது.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்தத் தீவு அவருக்கு வரமாக அமைந்தது என்று காட்டிவிட்டால் ஈத்தன் எளிதாகக் கடன் தீர்ந்தவராகிவிடுகிறார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை என்பது முப்பத்தொரு ஆண்டுகள் அலுவலகத்தில் இருந்த உங்களுக்குத் தெரியும். ஆயினும், மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது என்று படத்தை எடுத்தவர்கள் கண்டுகொண்டார்களே, அதற்காக இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. கண்ணாடிச் சுவரில் ஏறியதைவிட, விமானத்தில் தொங்கியதைவிட, இந்த வரிசை செய்த துணிச்சலான காரியம் அந்தத் தீவுக்குப் போனதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகனுக்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால், அவனோடு உட்கார்ந்து முதல் படத்தை இன்னொரு முறை பாருங்கள். எட்டாவது படம் பார்த்துவிட்டு வந்த இரவே நான் அப்படிச் செய்தேன். இந்த முறை கயிற்றைப் பார்க்கவில்லை. உணவுக்கூடத்தில், தன் பாட்டுக்கு உட்கார்ந்து காபிக் கோப்பையைக் கையில் எடுக்கும் அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடிக்காதீர்கள் என்று சொல்ல வாய் எழுந்தது.